டெய்லர் கேட்டால் துரோகம், முதலாளி கேட்டால் டிரேடு

திருப்பூரில் தீபாவளி போனஸ் பட்டுவாடா ஆனதும் பனியன் கம்பெனி முதலாளிக்குத் தூக்கம் போய்விடும். ஊருக்குப் போன டெய்லர் நம்மிடமே திரும்புவாரா, பீஸுக்கு ஐம்பது காசு கூடத் தரும் எதிர்க் கம்பெனிக்குப் போவாரா என்பது ஆண்டவனுக்கும் காண்ட்ராக்டருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். 2025-ல் சரியாக அந்த சீசனில், நவம்பர் 15 அன்று, ஐ.பி.எல். கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் அணிக்கு அனுப்பிவைத்தது. பேக்கரிகளில் டீ ஆறிப்போகும் அளவுக்கு விவாதம். "ஏனுங்ண்ணா, இது அவரா மாறுனதுங்களா, மாத்தி வுட்டதுங்களா?"

பதில் வேண்டுமென்றால் 2008-க்குப் போக வேண்டும். அன்று இருந்த எட்டு அணிகளில் மலிவானது ராஜஸ்தான், விலை 6.7 கோடி டாலர். கோச்சுக்கு ஒரு சம்பளம், பழைய நட்சத்திரத்துக்கு ஒரு சம்பளம் எதற்கு என்று யோசித்தவர்கள், 38 வயது ஷேன் வார்னேயை 4.5 லட்சம் டாலருக்குப் பிடித்து, கேப்டனும் நீரே, கோச்சும் நீரே என்றார்கள்.

வார்னேயிடம் தொழில் பழக வந்தவர்தான் 19 வயது ஜடேஜா. 'ராக்ஸ்டார்' என்று பட்டம் கொடுத்ததும் வார்னே; பஸ்ஸுக்கு லேட்டாக வந்ததற்குப் பாதி வழியில் இறக்கி ஓட்டலுக்கு நடக்கவிட்டதும் வார்னே. அந்த வருடமே இறுதிப் போட்டியில் சென்னையைக் கடைசிப் பந்தில் கவிழ்த்துக் கோப்பையைத் தூக்கினார்கள்.

பையனுக்குத் தன் மார்க்கெட் ரேட் என்ன என்று அறியும் ஆசை வந்தது. ராஜஸ்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வெளியே விலை பேசினார். ஐ.பி.எல். பெரியவர்கள் கொதித்துவிட்டார்கள். 2010 சீசன் முழுக்கத் தடை!

2012 ஏலத்தில் அதே பையனுக்காகச் சென்னையும் டெக்கானும் 20 லட்சம் டாலரில் முட்டிக்கொண்டு நின்றன. உச்சவரம்பு அதுதான். ஆகவே ரகசியத் தொகை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், சென்னை ஜெயித்தது. அந்தக் கூடுதல் காசு ஜடேஜாவுக்கா? அது கிரிக்கெட் வாரியத்துக்கு. அவர் விலை பேசினால் ஒழுக்கக்கேடு. அவரை வைத்து மற்றவர்கள் பேசினால் ஏலம்.

சென்னையில் 12 சீசன். 2022-ல் கேப்டன் பதவி கொடுத்தார்கள்; எட்டே மேட்சில் அவரே விலகிவிட்டதாகச் சொன்னார்கள். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட, சிக்ஸரும் ஃபோருமாக அடித்துக் கொடுத்தார். தோனி அவரை இடுப்போடு தூக்கிக் கொண்டாடினார்.

2025-ல் பத்து அணிகளில் சென்னை பத்தாவது, ராஜஸ்தான் ஒன்பதாவது. இரண்டும் உட்கார்ந்து பண்டமாற்று பேசின. ஜடேஜாவும் சாம் கரனும் அங்கே. சஞ்சு சாம்சன் இங்கே. தராசில் வைத்துப் பார்த்தால் சென்னைக்கு நியாயம் இருந்தது: சாம்சனுக்கு அப்போது 31 வயது, கீப்பிங் தெரியும், தொடக்கத்தில் இறங்கி அடிப்பார். ஜடேஜாவுக்கு 37 நெருங்கிவிட்டது, இளரத்தம் வேண்டும் என்றார்கள் ரசிகர்கள். வயதானவர் என்று 36-ஐ அனுப்பிவிட்டு, 44 வயது தோனியை வைத்துக்கொள்ளும் கணக்கு எந்த ஆடிட்டருக்கும் பிடிபடாது.

சம்பளக் கணக்கு இன்னும் அழகு. சாம்சன் அதே 18 கோடியோடு வந்தார். ஜடேஜாவுக்கு 18 கோடி 14 ஆகக் குறைந்தது. கரனின் 2.4 கோடியைச் சேர்த்தாலும் ராஜஸ்தானுக்கு மிச்சம்தான். விலை விசாரித்ததற்கு 2010-ல் வெளியே நிறுத்தினார்கள். நாலு கோடி குறைத்துக்கொண்டு வந்ததும், பிள்ளை தாய்வீடு திரும்பினான் என்று ஆரத்தி எடுத்தார்கள். இந்த வித்தையை நம்மூர் பனியன் முதலாளிகள் காதில் மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள். அடுத்த தீபாவளிக்குப் போனஸுக்குப் பதில் ஆரத்தித் தட்டுதான் வரும்.