பட்டியலார்

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில், ஒரகடம் கூட்டு ரோட்டுக்குச் சற்று இப்பால், காலை ஐந்தே முக்கால் மணிக்கு, ஏ ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, நீலச் சட்டைகளையும் சாம்பல் நிறச் சட்டைகளையும் அள்ளிக்கொண்டு போகும் அந்த அரைமணி நேரத்தில், டீக்கடைப் பெஞ்சின் ஓரத்தில் ஒரு கையில் கிளாசும் மறு கையில் கைப்பேசியுமாக உட்கார்ந்து, "இன்னிக்கு யூரோ நூத்திச் சொச்சமா?" என்று தமக்குத் தாமே கேட்டுப் பெருமூச்சு விடும் ஒரு மனிதரை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பார்த்திராவிட்டால் இந்தப் பக்கம் நீங்கள் வந்ததே இல்லை என்றுதான் அர்த்தம். ஏனெனில் அவர் ஒருவர் அல்லர், ஓர் இனம். இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஆலையிலும், ஒரகடத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் செய்யும் ஆலைகளிலும், சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசி பூட்டும் ஆலையிலும், ஆலைக்கு ஒருவராகவேனும் அவர் இருக்கிறார்.

அந்நிய தேசத்தில் உத்தியோகம் என்ற வார்த்தை காதில் விழுந்த அன்றே, அந்த உத்தியோகம் தமக்குக் கிடைக்குமா என்னும் அற்ப விஷயத்தைப் பற்றிச் சிறிதும் கவலைப்படாமல், கிடைத்துவிட்டால் அந்த ஊரில் மாதம் எவ்வளவு செலவாகும், இந்த ஊரில் எவ்வளவு ஆகிறது, இரண்டுக்கும் உள்ள பேதம் என்ன என்று கணக்கெழுத உட்கார்ந்துவிடுவது இவ்வினத்தாரின் பிரதான லட்சணம். இவர்களில் ஒருவரோடு எனக்குப் பல வருஷப் பழக்கம். பட்டியலார் என்பது கான்டீனில் அவருக்கு வைத்த பெயர். பெற்றோர் இட்ட பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

பட்டியலாருக்கு உத்தியோகம் குவாலிட்டி டிபார்ட்மெண்டில். வார்ப்பு இரும்புச் சாமான்களை வெர்னியர் காலிபரால் அளந்து, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு பிசகியிருந்தாலும் சிவப்பு மசியால் கோடிட்டு ரிஜெக்ட் என்று ஒதுக்கி வைப்பதே இருபது வருஷமாக அவருடைய ஜீவனம். அப்படிப்பட்டவர் தேசங்களை மட்டும் கண்ணளவில் ஏற்றுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை அல்லவா? ஆகவே சிங்கப்பூரை அளந்தார், ஸ்லோவாக்கியாவை அளந்தார், இப்போது ஜெர்மனியை அளந்துகொண்டிருக்கிறார். எல்லாவற்றிலும் எங்கேயோ ஒரு நூலிழை பிசகு.

அவருடைய முதல் நோட்டுப் புத்தகம் பிறந்தது 2014-இல். எட்டு வருஷம் அமோகமாக நடந்த நோக்கியா தொழிற்சாலை அவ்வருஷம் நவம்பர் மாதம் மூடப்பட்டபோது, அதில் வேலை செய்தவர்களுக்கு மட்டுமன்றி, அக்கம்பக்கத்து ஆலைகளில் நிம்மதியாக இருந்தவர்களுக்கும் அடிவயிற்றில் ஒரு கலக்கம் உண்டாயிற்று. கலங்கியவர்களில் சிலர் தெரிந்தவர்களைப் பிடித்து வேறு வேலை தேடினார்கள். சிலர் வல்லக்கோட்டை முருகனுக்கு நேர்ந்துகொண்டார்கள். பட்டியலார் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, நடுவே செங்குத்தாக ஒரு கோடு இழுத்து, இடப்புறம் 'இங்கே' என்றும் வலப்புறம் 'அங்கே' என்றும் எழுதினார்.

சிங்கப்பூர் தள்ளுபடியான வரலாறு விசித்திரமானது. அவ்வூரில் கார் வைத்துக்கொள்ள வேண்டுமானால், அந்த உரிமைக்கென்றே ஏலத்தில் ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும். அது பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். பல சமயங்களில் அதன் விலை காரின் விலையையே விழுங்கிவிடும். இதைக் கேள்வியுற்ற பட்டியலார் சிங்கப்பூரின் மீது ஒரே கோடாகச் சிவப்பு மசியைப் பாய்ச்சினார். "உங்களிடம் இங்கே கார் கிடையாதே?" என்றேன். "அங்க போய் வாங்கணும்னு ஆசை வந்துட்டா என்ன சார் பண்றது?" என்றார். வராத ஆசைக்கும் வரவு செலவு எழுதிவைக்கும் தீர்க்கதரிசனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஜெர்மனி விஷயம் அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. 2012-இல் ஒரகடத்தில் டைம்லர் லாரி ஆலை உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, ஜெர்மன் தேசம் இப்பக்கத்தாருக்குப் படப்பையைத் தாண்டியுள்ள ஏதோ ஒரு கிராமத்தைப்போல நெருங்கிவிட்டது. ஆனால் அங்கே வாடகையில் இரண்டு விதம்: குளிர் வாடகை, சூடு வாடகை. வெறும் வீட்டுக்குக் கொடுப்பது குளிர் வாடகை. வீட்டைச் சூடாக்கும் செலவும் தண்ணீர், குப்பை முதலிய இதர செலவுகளும் சேர்ந்தால் சூடு வாடகை. மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருந்து, சித்திரை மாதத்தில் ஏ.சி. போட்டு வீட்டைக் குளிர்விக்கச் செலவழித்தே பழகிய பட்டியலாருக்கு, வெப்பத்தைக் காசு கொடுத்து வாங்குவது என்பது நெஞ்சு பொறுக்கவில்லை. "நம்ம வீட்டுச் சூட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தாக்கூட நான் கோடீஸ்வரன் சார்" என்றார். அதோடு போயிற்றா? அங்கே பல வீடுகளில் சமையலறை என்று காட்டப்படும் இடத்தில் சமையல் மேடை, அலமாரி ஒன்றும் இராது. குடிவருகிறவரே வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் ஜெர்மனி அவர் மதிப்பில் உயர்ந்தது. மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது அங்கே சட்டம். நம்முடைய 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டமும் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது; ஆனால் 'வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி' என்று ஒரு சிறு சந்து விட்டிருக்கிறது. பட்டியலாரின் வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்சோடு அந்தச் சந்தில்தான் குடியிருக்கிறார்.

பட்டியலாரை உண்மையாகவே நோயில் படுக்க வைத்தது டெலிவிஷன் கட்டணம். அத்தேசத்தில் வீட்டுக்கு வீடு மாதம் 18 யூரோ 36 சென்ட் ஒலிபரப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். வீட்டில் பெட்டி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நம் தேசத்திலும் வானொலிப் பெட்டிக்குத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் ஒன்று உண்டென்றாலும், அதற்குப் பெட்டி என்ற ஒன்றாவது இருக்க வேண்டியிருந்தது. 2006-க்குப் பிறகு சர்க்காரே வீடு தேடி வந்து வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன ராஜ்ஜியத்தில் வளர்ந்தவர், இல்லாத பெட்டிக்குக் கப்பம் கட்டுவதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்து, கடைசியில் 'தண்டம்' என்று ஒரு புதுத் தலைப்பே உண்டாக்கினார். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே போனால் செலவு குறையுமே என்று பார்த்தார். அப்படிப் போகிறவரை, தாலி கட்டிப் பதினாறு வருஷமானாலும், அந்நாட்டு வருமான வரிக்காரர் பிரம்மசாரிகளின் வகுப்பிலேயே வைத்து வரி பிடிப்பார் என்று தெரிந்தது. இதை மட்டும் அவர் மனைவியிடம் படித்துக் காட்டவில்லை.

கணக்கு எழுதுவதோடு நின்றிருந்தால் அவர் சாமானிய மனிதராகவே இருந்திருப்பார். சாஸ்திரமும் கண்டுபிடித்தார். லண்டனிலிருந்து வெளிவரும் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகை 1986 முதல் ஒரு கம்பெனியின் மாட்டிறைச்சி பர்கர் எந்த தேசத்தில் என்ன விலை என்று பார்த்து நாணயங்களின் மதிப்பை நிறுப்பதையும், இந்தியாவில் அந்தப் பர்கர் விற்பதில்லையாதலால் கோழி பர்கரை வைத்து ஒப்பேற்றுவதையும் நான்தான் ஒருநாள் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே கூட்டு ரோட்டு டீ உலக நாணயங்களுக்கெல்லாம் எடைக்கல்லாகிவிட்டது. ஜெர்மனியில் ஒரு காப்பி 3 யூரோ. அதாவது 300 ரூபாய். அதாவது 20 டீ. முடி வெட்ட எத்தனை டீ, பேருந்துக்கு எத்தனை டீ என்று அவர் சொல்லிக்கொண்டே போகும்போது, கேட்பவருக்கு டீ மீதே வெறுப்பு வந்துவிடும்.

இந்த சாஸ்திரத்தில் ஒரு கண் குருடு. யூரோ 90 ரூபாயாக இருந்தது 100-ஐத் தாண்டிய அன்று பட்டியலார் இடிந்துபோனார். "காப்பி ரெண்டு டீ ஏறிடுச்சு சார்!" என்றார். "சம்பளமும் அதே யூரோவில்தானே வரும்? அதுவும் ஏறியிருக்குமே?" என்று கேட்டேன். என்னை வெகுநேரம் பார்த்தார். சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை. செலவோ மனத்தில் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

எதிர்த்திசையில் பிரயாணம் செய்து வந்தவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஹூண்டாய் கம்பெனி 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததை ஒட்டிக் கொரிய தேசத்தார் இங்கே குடியேறி, நெடுஞ்சாலையோரம் கொரிய எழுத்தில் பெயர்ப் பலகையிட்ட சாப்பாட்டுக் கடைகளும் தோன்றியிருக்கின்றன அல்லவா? சாமான் வாங்க வந்த ஒரு கொரிய இன்ஜினீயரைப் பட்டியலார் ஆலை வாசலில் பிடித்துக்கொண்டு, உங்கள் ஊரில் மாத வாடகை என்ன என்று விசாரித்தார். பெருந்தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகையே இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையை அப்படியே திரும்பப் பெறும் ஜொன்சே என்ற ஏற்பாடு தங்கள் தேசத்தில் உண்டு என்று அவர் விளக்கியதும், "அட, நம்ம போக்கியம்!" என்று பட்டியலார் கூவிய கூவலில் செக்யூரிட்டி ஓடி வந்துவிட்டார். பிறகு, இங்கே உங்கள் செலவு என்ன என்று கேட்டார். வீடு? கம்பெனி. கார்? கம்பெனி. பிள்ளைகளின் படிப்பு? கம்பெனி. "எல்லாம் ஓசி சார், இப்படி இருந்தா நான் எந்த நாட்டுக்கு வேணும்னாலும் போவேன்" என்று அன்று முழுவதும் புலம்பினார்.

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலேயே 1017-இல் அவதரித்த ராமானுஜர் காஞ்சிக்குப் போனதையும், அங்கிருந்து ஸ்ரீரங்கம், பிறகு மேல்கோட்டை என்று தேசாந்தரம் சென்றதையும், திருக்கோட்டியூருக்கு மட்டும் பதினெட்டு முறை நடந்ததாகச் சொல்லப்படுவதையும் ஞாபகப்படுத்தி, "அவர் எந்த ஊருக்கும் மாதச் செலவுப் பட்டியல் போட்டதாகக் குருபரம்பரையில் இல்லையே!" என்றேன். பட்டியலார் சற்றும் தயங்கவில்லை. "அவருக்கு மடத்துல சாப்பாடு சார். நம்ம கேஸ் வேற."

நம்ம கேஸ் அப்படி ஒன்றும் வேறல்ல என்று அவருக்கு உணர்த்தியது அவருடைய தர்மபத்தினி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டைத் திறந்து வைத்துவிட்டு அவர் தண்ணீர் கேன் வாங்கக் கீழே இறங்கியிருந்த சமயம், அந்த அம்மாள் 'இங்கே' என்ற பத்தியை முதன்முதலாக நிதானமாகப் படித்தாள். அரிசி: பூஜ்யம் (உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து மாமனார் மூட்டை அனுப்புகிறார்). மத்தியானச் சாப்பாடு: பூஜ்யம் (கான்டீன்). போக்குவரத்து: பூஜ்யம் (கம்பெனிப் பேருந்து). மனைவியின் பேருந்துக் கட்டணம்: பூஜ்யம் (2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம்). கரண்டு: இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் பூஜ்யம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள: பூஜ்யம் (அம்மா). டியூஷன்: பூஜ்யம் (மனைவி). சமையல், துணி, பாத்திரம் மூன்றுக்கும் பூஜ்யம்கூட இல்லை, தலைப்பே இல்லை. வலப்புறத்திலோ இவை ஒவ்வொன்றுக்கும் யூரோவில் விலை எழுதியிருந்தது.

கேனோடு மேலேறி வந்தவரிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"ஏங்க, இந்தப் பூஜ்யத்தையெல்லாம் யாருங்க கட்டுறது?"

குவாலிட்டி டிபார்ட்மெண்டில் இருபது வருஷம் கழித்தவர் ஆயிற்றே. அளவு பிசகு என்று கண்டுவிட்டால் அது தம் சொந்தச் சரக்கானாலும் ரிஜெக்ட் செய்யாமல் விடுவாரா? அன்றிரவே மாமனாரின் அரிசிக்குக் கடை விலை போட்டார்; தாயாரின் காவலுக்கு ஆயாவின் சம்பளம் போட்டார்; மனைவியின் டியூஷனுக்குப் பக்கத்துத் தெரு ஆசிரியரின் மாதக் கட்டணம் போட்டார்; சமையலுக்கு ஒரு தொகை போட்டு, அதை அவள் பார்த்த பார்வையில் இரட்டிப்பாக்கினார். விடியற்காலம் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார். ஜெர்மனியில் அவரால் குடித்தனம் நடத்த முடியுமா என்பது இன்னமும் சந்தேகத்தில்தான் இருந்தது. ஆனால் ஒரகடத்தில் குடியிருக்க அவருடைய சம்பளம் போதாது என்பது மட்டும் சந்தேகமறத் தெளிவாயிற்று.

இப்போது புது நோட்டில், இடப்புறம் ஒரகடம், வலப்புறம் உத்திரமேரூர். மாமனாருக்கு இன்னும் விஷயம் தெரியாது. ஆனாலும் பழைய பழக்கம் லேசில் விடுவதில்லை. ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கூட்டு ரோட்டு டீக்கடையில் காலை ஐந்தே முக்காலுக்கு அவரைச் சந்திக்க நேர்ந்தால் சௌக்கியம் விசாரியுங்கள், மழையைப் பற்றிப் பேசுங்கள், பெருமாள் உற்சவத்தைப் பற்றிப் பேசுங்கள், யூரோ இன்று என்ன விலை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். போன வாரம் நான் கேட்டேன். என்னுடைய பேருந்து போய்விட்டது. ஷேர் ஆட்டோவுக்கு 40 ரூபாய் ஆயிற்று.