பச்சடி காத்த மாமா

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்து, எல்லோரும் கண் சொருகிக் கிடக்கும் மூன்று மணி. அடுக்களையில் ‘டப்’ என்று ஒரு மூடி அழுந்தும் சத்தம் கேட்டால், எங்கள் மாமா கடமையைத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடி இரண்டு கரண்டி மீந்திருக்கிறது. ஒரு வாரத்துக்கு அவருக்கு வேலை கிடைத்துவிட்டது.

இவர் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வாய்த்தவர் அல்ல. முப்பது வருஷம் பைசா பாக்கியில்லாமல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கவனித்துப் பாருங்கள். “பத்துப் பேருக்கு நாலு வெள்ளரிக்காய் எந்த மூலைக்கு? இன்னும் ரெண்டு நறுக்கு” என்று காலையில் அதட்டியவரும் அவர்தான். “யார் இவ்வளவு செய்யச் சொன்னது?” என்று மத்தியானம் கேட்பவரும் அவர்தான்.

மீந்த பச்சடி ஐஸ்கிரீம் டப்பாவில்தான் குடியேறும். வீட்டுக் குழந்தை ஆசையோடு மூடியைத் திறந்து, ஸ்பூனும் கையுமாக உறைந்து நிற்கும் காட்சியை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் மாமா சொன்னது, “அதுவும் பால்லேர்ந்து வந்ததுதானேடா.”

திங்கட்கிழமை காலை டப்பாவைத் திறந்தால் பச்சடி இருக்காது. தண்ணீரில் வெள்ளரித் துண்டுகள் மிதக்கும். வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். உப்பு பட்டதும் அதையெல்லாம் வெளியே இழுத்துவிடும். “நீர்த்துப் போச்சு, கொட்டிடட்டுமா?” என்பார் அத்தை. மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெற்ற பிள்ளையைக் கொட்டச் சொன்ன மாதிரி இருக்கும். “துருக்கியிலே தயிரும் வெள்ளரிக்காயும் தண்ணி விட்டுக் கரைச்சு, ஜாஜிக்குனு பேர் வெச்சுக் கிண்ணத்திலே குடிக்கிறான், தெரியுமா? டிவியிலே காட்டினான்.” கிரேக்கத்தில் ட்ஸாட்ஸிக்கி செய்பவர்கள் வெள்ளரியைத் துருவி ஒட்டப் பிழிந்த பிறகே கெட்டித் தயிரில் சேர்ப்பார்கள். அதையும் அதே டிவி காட்டியது. மாமா அந்தப் பகுதியில் தூங்கிவிட்டார்.

ஆக, தண்ணீர் வடிகட்டப்பட்டு, இஞ்சியும் பெருங்காயமும் சேர்ந்து நீர்மோர் ஆயிற்று. அடியில் தங்கியது? மோர்க்குழம்பு! அரை மூடித் தேங்காய், ஊறவைத்த துவரம்பருப்பு, சீரகம், பச்சைமிளகாய் எல்லாம் அரைத்தாயிற்று. பச்சடி போதாது என்று அரை லிட்டர் தயிரும் வாங்கி வந்தார். “நுரை கட்டினதும் இறக்கிடுங்க, கொதிச்சா திரிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு அத்தை துணி காயப்போடப் போனார். மாமா செய்தித்தாளில் தலையங்கம் படித்துக்கொண்டிருந்தார். குழம்பு திரிந்தது. மேலே தெளிந்த நீர், கீழே பொடிப்பொடியாகத் தயிர்.

இங்கேதான் கணக்குப் பிசகுகிறது. இரண்டு கரண்டிப் பச்சடி இப்போது ஒரு சட்டிக் குழம்பு. அதை வீணாக்கலாமா? உளுந்து ஊறப்போட்டு வடை தட்டி அதில் போட்டார்கள். வடை பதினெட்டு; சாப்பிட ஆள் மூன்று. மாமா கை வைத்த மிச்சம் குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. அது குட்டி போடும். செலவான தேங்காய், தயிர், உளுந்து, எண்ணெய் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்தப் பணத்துக்கு இன்னொரு பிரியாணியே வந்திருக்கும். முப்பது வருஷம் கணக்கு எழுதியவரிடம் இதை யார் போய்ச் சொல்வது?

இன்னொன்று. மாமா இதில் எதையும் தொடமாட்டார். “எனக்குச் சளி பிடிக்கும், நீங்க ஊத்திக்கோங்க.”

குறை மட்டுமே சொல்லக்கூடாது. ஒருமுறை, புளித்த பச்சடியின் தண்ணீரில் ரவையும் அரிசிமாவும் சம அளவு போட்டு, மிளகு சீரகத்தோடு நீர்க்கக் கரைத்து, காய்ந்த கல்லில் ஓரத்திலிருந்து வீசி ஊற்றி ஒரு ரவா தோசை சுட்டார். முறுமுறுவென்று, ஓட்டை ஓட்டையாக, லேசான புளிப்போடு வந்தது. ஐந்து தின்றேன். அந்த ஒரு தோசையின் புகழில்தான் மனிதர் இன்றுவரை காலம் தள்ளுகிறார்.

போன வியாழக்கிழமை டப்பாவும் கையுமாகக் கொல்லைப்பக்கம் போனார். புளித்த மோர் கறிவேப்பிலைச் செடிக்கு நல்லது என்று எல்லார் வீட்டிலும் ஊற்றுவதுதான். அத்தை ஓடிவந்து குறுக்கே நின்றார். “இது உப்புப் போட்டதுங்க, செடி பட்டுப்போயிடும்!” மாமா செடியைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். நான் அவசரமாகச் செருப்பைத் தேடினேன்.

டப்பா இப்போது ஃபிரிட்ஜில் இரண்டாவது தட்டில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் வருவதாக இருந்தால், தயவுசெய்து சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.