63க்கு 63

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் உளவியல் படிக்கிறேன் என்று தெரிந்ததுமே எங்கள் ஊரான உடையார்கட்டில் எனக்கு ஒரு பட்டம் கிடைத்துவிட்டது: 'மனசு வாசிக்கிற பெடியன்'. உளவியல் அப்படி இல்லை என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. விடுமுறைக்குப் பரந்தனில் பஸ் மாறி, முல்லைத்தீவு வீதியால் வந்து இறங்கும்போதே முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொள்வேன்.

பக்கத்து வளவில் சேவல் களவு போனபோது என்னைக் கூப்பிட்டது அந்தப் பட்டத்தை நம்பித்தான். சந்தேகப்பட்ட பெடியளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒருவன் மட்டும் என் கண்ணைப் பார்க்கவேயில்லை. அவன் பக்கம் திரும்பி, எல்லாம் விளங்கிய ஆள் மாதிரித் தலையாட்டினேன். பாவம், அவனுக்குக் கண்நோய். பொழுதுபடச் சேவல் தானாகவே வந்து சேர்ந்தது. பொய்யை அடையாளம் காணும் ஆற்றல் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி பொண்டும் டிபோலோவும் 2006இல் வெளியிட்ட கட்டுரையைப் பிறகுதான் வாசித்தேன். மனிதர்கள் சரியாகச் சொல்வது சராசரியாக 54 வீதமாம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

அடுத்த விடுமுறைக்கு உளவியலாளர் கார்ல் ரோஜர்சின் சீர்மிய முறையோடு வந்தேன். எதிரில் இருப்பவர் சொன்னதை, அதற்குள் இருக்கும் உணர்வோடு சேர்த்துத் திருப்பிச் சொல்லவேண்டும், அறிவுரை கூடாது. மாமா வயலால் வந்து, "மழையில்லை, நெல்லெல்லாம் கருகுது" என்றார்.

"நெல்லுக் கருகுதெண்டு உங்களுக்குக் கவலையா இருக்கு."

"அதைத்தானே இப்ப சொன்னனான்?"

"சொன்னதை நான் கவனிக்கேல்லை எண்டு உங்களுக்குக் கோவமா இருக்கு."

மாமா என்னைப் பார்க்காமல் உள்ளே திரும்பி, "இவனுக்குக் காதிலை ஏதோ பிழை, ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்றார். 1966இல் வைசன்பாம் 'எலைசா' என்றொரு கணினி நிரலை எழுதினார். ரோஜர்ஸ் வழிச் சீர்மியரைப்போல அதுவும் சொன்னதையே திருப்பிக் கேட்கும். அதோடு மனம்விட்டுக் கதைத்தவர்கள் உண்டாம். என்னோடு அதுகூட நடக்கவில்லை.

இவையெல்லாம் சில்லறை. பெரிய தோல்வி பெரியம்மாவிடம்.

செயன்முறைக்கு ஒரு வினாக்கொத்தை ஒருவரிடம் நிரப்பிக்கொண்டு போகவேண்டும். எதை, யாரிடம் என்பது என் தெரிவு. ஆரோன் பெக்கின் மனச்சோர்வு வினாக்கொத்தை எடுத்தேன். 1961இல் வந்து, 1996இல் திருத்தப்பட்டது. 21 உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 63. 29ஐத் தொட்டாலே கடுமையான மனச்சோர்வு. பெரியம்மா முற்றத்தில் விதைக் கச்சான் கோது உடைத்துக்கொண்டிருந்தா.

திருத்திய பதிப்பில் எல்லாம் கடந்த இரண்டு கிழமையைப் பற்றியவை. "எந்தக் காலத்து நித்திரையைக் கேக்கிறாய், தம்பி?" என்றா. நியாயமான கேள்வி. 2009 ஜனவரியில் உடையார்கட்டையும் சேர்த்துப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்து, அதற்குள்ளேயே செல் விழுந்த நாட்களின் நித்திரையா, மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த நித்திரையா? நானோ பஸ் நடத்துனர் மாதிரி "இரண்டு கிழமை, இரண்டு கிழமை" என்று கூவிக்கொண்டிருந்தேன்.

"கூடினது எத்தினை?"

"மூண்டு."

"அப்ப மூண்டைப் போடு."

அடுத்ததற்கும் மூன்று. அதற்கடுத்ததற்கும் மூன்று. கடைசி உருப்படி தாம்பத்திய ஆசை பற்றியது. அதைப் பெரியம்மாவிடம் வாய்விட்டு வாசிக்கிற துணிவு உளவியலில் எந்தப் பாடத்திலும் கற்பிக்கப்படுவதில்லை. நான் முணுமுணுத்தேன். "என்ன இழவாயிருந்தாலும் கூடினதைப் போடு" என்றுவிட்டுக் கோழியைக் கலைக்க எழும்பினா.

63க்கு 63. பாடநூல் உதாரணங்களில்கூட அப்படியொரு ஆளை நான் கண்டதில்லை. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. பெரியம்மா குறட்டை விட்டா.

விடிந்ததும் கேட்டேன். "குறைச்சுச் சொல்லி ஆருக்கு என்ன கிடைச்சது?" என்றா. 550,000 ரூபாய் இந்திய வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி போட்டு ஆள் தெரிந்தெடுத்தபோது, உள்ளதை உள்ளபடி சொன்னவர்கள் தகரக் கொட்டிலிலேயே கிடந்ததைப் பார்த்தவ. எனக்காவது முழுப்புள்ளியும் கிடைக்கட்டும் என்று நினைத்திருக்கிறா. ஆய்வாளனுக்கு என்ன தேவையென்று ஊகித்து, பங்குபற்றுபவர் அதையே கொடுத்துவிடுவார் என்று மார்ட்டின் ஓர்ன் 1962இலேயே எழுதியிருக்கிறார். பரீட்சைக்கு அதைப் பாடமாக்கியிருந்தேன். தனிமனிதருக்கு அப்பால் குடும்பமும் ஊருமே சிதைவதைப் பற்றித் தயா சோமசுந்தரம் 2007இல் எழுதிய கூட்டு மனவடுக் கட்டுரையைப் பற்றி இரண்டு பக்கம் விளாசியும் இருந்தேன். எழுதிய மை காய முதலே, தனி ஆளுக்கான கடதாசியோடு முற்றத்தில் குந்திவிட்டேன்.

சரியென்று திரும்பவும் முதலிலிருந்து கேட்டேன். நித்திரை வரும். சாப்பாடு இறங்கும். அழுகை?

"மே மாசத்திலை மட்டும்."

நான் கேட்டது ஆவணியில். இரண்டு கிழமைக் கணக்குப்படி பூச்சியம்தான் போடவேண்டும். போட்டேன். அந்தக் கடதாசியில் மே மாதத்தை எங்கே எழுதுவதென்று தெரியாமல், ஓரத்தில் பென்சிலால் குறித்து, அழுக்காகத் தெரிகிறதென்று அழித்தும்விட்டேன்.

பெறுபேறு வந்ததும் பெரியம்மாவே போன் எடுத்தா. 'பி' என்றேன்.

"முழுப்புள்ளியும் தந்தனானே! பிறகு ஏன் பி?"