பெட்டிக் குதிரைகள்: மசில் கார் எஞ்சின் விலை குறித்த ஓர் ஆராய்ச்சி

அமெரிக்கர்களின் பழங்கார்ப் பித்தைப் பற்றி எழுதியோர் பலர். ஆயினும் அந்தக் கார்களுக்கென அவர்கள் வாங்கும் புது எஞ்சினின் விலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முறைப்படி ஆராய்ந்தார் யாரையும் காணோம். அக்குறையை நீக்கும் பொருட்டு, நமது கருதுகோளை முதலில் நூற்பாவாகவே யாத்துவிடுவோம்:

பெட்டியுள் வருவது எஞ்சின், பெட்டிப்
புறத்தே நிற்பது செலவென மொழிப.

இதற்கு உரை: பெட்டி என்றது கிரேட் எனப்படும் சரக்குப் பெட்டியை. கம்பெனியே புதிதாகப் பூட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புவதால் இது கிரேட் எஞ்சின் எனப்பட்டது. பழைய எஞ்சினை இறக்கி, சிலிண்டரை போர் செய்து, பிஸ்டன் மாற்றி, 'அடுத்த வாரம் வாங்க சார்' என்னும் பட்டறைக்காரரின் வாக்கை நம்பி மாதக்கணக்கில் அலையும் தொல்லை இதில் இல்லை. செவ்ரோலெட் தன் பெட்டிகளுக்கு 24 மாதம் அல்லது 50,000 மைல் வாரன்டி தருகிறது. 'மொழிப' என்றதனால், இஃது ஆசிரியர் கூற்றன்று, பட்டவர் கூற்று என்பது பெறப்படும்.

மசில் கார் என்பது நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய எஞ்சினைப் பூட்டியது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. அதன் பான்டியாக் பிரிவில் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவர் கூட்டாளிகளும் அந்த விதியைப் பணிவோடு படித்தார்கள். விதி காருக்குத்தானே, காரோடு விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் சாமான்களுக்கு அல்லவே! 1964 மாடல் டெம்பெஸ்ட் காருக்குள் 389 கன அங்குல எஞ்சினை அவ்வகைச் சாமானாகவே நுழைத்து, ஜிடிஓ என்று பெயரிட்டார்கள். கூடுதல் விலை 295 டாலர் 90 சென்ட். இத்துறையின் ஆதிவிலை அதுவே. பெரிய செலவு 'கூடுதல் சாமான்' என்ற வேடத்தில் வரும் மரபும் அன்றே தொடங்கியது.

பிறகு குதிரைப் பஞ்சம் வந்தது. செவ்ரோலெட்டின் 454 எஞ்சின் ஒன்று 1971-இல் 365 குதிரைத்திறன் என்றது. 1972-இல் அதே எஞ்சின் 270 என்றது. காணாமற்போன 95 குதிரைகளுள் பெரும்பாலானவை சாகவில்லை. கணக்கெடுப்பு மாறியது, அவ்வளவே. அதுவரை சைலன்சர், ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் அளந்தவர்கள், அவற்றையும் மாட்டி அளந்தார்கள். இருந்தும் ஊர் அழுதது.

இனி அண்மைக்காலச் சந்தை. 2021-இல் செவ்ரோலெட் இசட்இசட்632 என்னும் எஞ்சினை அறிவித்தது: 10.3 லிட்டர் கொள்ளளவு, 1,004 குதிரைத்திறன், வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 37,700 டாலர். தலைக்கு 38 டாலருக்கும் குறைவு. மோபார் நிறுவனத்தின் ஹெலிஃபன்ட் எஞ்சின் இதனினும் மலிவாக வந்தது. 2018-இல் லாஸ் வேகாஸ் சீமா கண்காட்சியில் தலைகாட்டிய இந்த 1,000 குதிரைத்திறன் எஞ்சினின் விலை அப்போது 29,995 டாலர். 2019 ஏப்ரல் 26 அன்று முன்பதிவு தொடங்கியது. இரண்டே நாளில் தீர்ந்தது. உயிருள்ள குதிரையை இந்த விலைக்கு எந்தச் சந்தையிலும் பிடிக்க முடியாது என்பதால் வாங்கியோரைக் குறைசொல்வதற்கில்லை.

ஆனால் பெயரிலேயே யானையைக் கொண்ட அந்த எஞ்சினுக்கு அங்குசம் தனி விலை. எஞ்சினை ஆளும் கணினி, வயரிங், சென்சார்கள், ஆக்சிலரேட்டர் பெடல் அடங்கிய கிட் அப்போது 2,265 டாலர். ஆல்டர்னேட்டரும் பெல்ட்டும் அதிலும் சேரவில்லை. யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு வழக்காடக் கூடாது என்பது நம் பழமொழி. விற்றவர் வழக்காடவில்லை, பில் போட்டார்.

இங்கேதான் நூற்பாவின் இரண்டாம் அடி வேலை செய்யத் தொடங்குகிறது. 1969 செவ்ரோலெட் கேமரோ கார் ஒன்றில் அடக்கமான 430 குதிரைத்திறன் எல்எஸ்3 எஞ்சினை இறக்குவதாகக் கொள்வோம். கார்புரேட்டர் காலத்துப் பம்ப் 5 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும்; புதியவர் 58 கேட்கிறார். பம்பை மாற்றினால் பழைய டேங்க் ஒத்துழைக்காது. டேங்க் மாறினால் பெட்ரோல் குழாயும் மாறும். ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், அதற்கென்று வேறு சம்ப். புது எஞ்சினின் முறுக்கைப் பழைய கியர்பாக்ஸ் தாங்காது. கியர்பாக்ஸ் மாறினால் அதன் நீளம் வேறு, ஆகவே பின்னச்சுக்குப் போகும் தண்டையும் வெட்டித் திருத்த வேண்டும். தண்டு மாறும்போது பின்னச்சின் கிரௌன் சக்கரத்தை மட்டும் எதற்கு விட்டுவைப்பது? ரேடியேட்டர் போதாது. இவ்வளவும் ஆகி வண்டி சீறிப் பாய்ந்த பிறகே, நான்கு சக்கரத்திலும் இருப்பது டிரம் பிரேக் என்பது உரிமையாளருக்கு உறைக்கிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணியும் ஆடம்பரமன்று. ஒவ்வொன்றும் முந்தையதன் நியாயமான விளைவு. ஆதலின் எந்த இடத்திலும் நிறுத்த முடியாது. ரசீதுகளைக் கூட்டிப் பார்க்கலாகாது என்னும் ஆசாரம் இந்த வட்டாரத்தில் கடுமையாகப் பேணப்படுவதும் இதனாலேயே.

ஒரு முரணையும் பதிவு செய்ய வேண்டும். இறக்கிய பழைய எஞ்சினை யாரும் காயலான் கடைக்குப் போடுவதில்லை. அதன் உடலில் பொறித்த எண் காரின் எண்ணோடு ஒத்துப்போனால்தான் சேகரிப்போரிடம் காருக்கு மதிப்பு. எனவே கராஜ் மூலையில் போர்வை போர்த்தி வைக்கிறார்கள். உழைக்கும் எஞ்சின் விலை இறங்க, உறங்கும் எஞ்சின் விலை ஏறுகிறது.

கடைசியாக, பயன்பாடு. மணிக்கு 60 மைல் வேகத்தில் சமதளச் சாலையில் போக இருபது, முப்பது குதிரைத்திறன் போதும். ஆயிரம் குதிரை வாங்கியவரின் பானட்டுக்கு அடியில் 970 சும்மா நிற்கின்றன. பொருளியலார் இதனை மறைமுக வேலையின்மை என்பர். இசட்இசட்632 கேட்பதோ 93 ஆக்டேன் பெட்ரோல். வேலையில்லாதவற்றுக்கென்று மட்டமான தீவனம் எதையும் அந்நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.