மாடு வாங்கும் முன் புல்: கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஸ்டார்டியூ வேலி விளையாட்டின் தொழுவத்திலிருந்து வந்தவை. தீனி தீர்ந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள், தீரப்போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். மாடு பசியோடு நிற்பதால் நேராகப் பதிலுக்கே போய்விடுகிறேன்.

கேள்வி: தாத்தா விட்டுப்போன பண்ணை முழுக்கப் புல்லும் புதருமாக இருந்தது. முதல் நாளே அரிவாளை எடுத்து மொத்தத்தையும் வெட்டிச் சுத்தமாக்கிவிட்டேன். வெட்டிய புல் ஒரு கட்டுகூடக் கைக்கு வரவில்லையே, எங்கே போனது? – விருதுநகர்

பதில்: காற்றோடு போனது. காய்ந்த புல்லைச் சேர்த்து வைக்கும் குதிரான சைலோ இல்லாமல் வெட்டுகிற புல் எங்கும் சேராது. அந்தப் பண்ணை முதல் வசந்தத்தில் உங்களுக்குத் தருகிற பெரிய சொத்தே அந்தப் புல்தான். விதை போட இடம் வேண்டுமென்றால் கல்லையும் மரத்தையும் அகற்றுங்கள், புல்லைத் தொடாதீர்கள். தச்சர் ராபினிடம் 100 காசு, 100 கல், 10 களிமண், 5 செம்புக் கட்டி கொடுத்தால் சைலோ கட்டித் தருவார். கல்லும் களிமண்ணும் பண்ணையிலேயே கிடைக்கும். செம்புக்குத்தான் சுரங்கத்தில் இறங்க வேண்டும். ஒரு கட்டிக்கு ஐந்து தாது வீதம் 25 தாது, உருக்கக் கொஞ்சம் கரி. சைலோ எழுந்த பிறகு வெட்டினாலும் சாதாரண அரிவாளுக்குப் பாதிக்குப் பாதிதான் பலன். குவாரிச் சுரங்கத்தில் கிடைக்கும் தங்க அரிவாளுக்கு அது முக்கால் பங்கு. பின்னாளில் கிடைக்கிற இரிடியம் அரிவாள் வெட்டியதை வெட்டியபடி சேர்க்கும். வெட்டிய இடத்தில் புல் மறுபடி வர வேண்டுமென்றால் பியேர் கடையில் 100 காசுக்குப் புல் விதை கிடைக்கிறது. நட்டுவிட்டுச் சில நாள் பொறுங்கள், தானாகப் பரவும்.

கேள்வி: கோழி எங்கேயாவது காய்ந்த புல்லைத் தின்னுமா? – பொள்ளாச்சி

பதில்: நம் ஊர்க் கோழி தின்னாது, கிளறிவிட்டுப் போகும். இந்த விளையாட்டில் கோழி, வாத்து, ஆடு, மாடு, பன்றி எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே இலை: தலைக்கு நாளுக்கு ஒரு கட்டு. நிஜப் பசுவுக்கு அதன் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு வரை உலர் தீவனம் வேண்டும். 400 கிலோ பசுவுக்குக் குறைந்தது 10 கிலோ. அதைப் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு கட்டுக் கணக்கைப் பார்த்தால் ஏக்கமாகத்தான் இருக்கும்.

கேள்வி: எட்டுக் கோழி, எட்டு மாடு வைத்திருக்கிறேன். சைலோ நிரம்பி வழிகிறது. பனிக்காலத்தைப் பற்றி நான் கவலைப்பட வேண்டுமா? – தஞ்சாவூர்

பதில்: கட்டாயம் கவலைப்பட வேண்டும், அதுவும் இன்றே. இந்த விளையாட்டில் மற்ற எல்லாப் பிழையையும் மறுநாள் திருத்தலாம். பனிக்காலத் தீனியில் செய்த பிழையை மட்டும் 28 நாளும் கூடவே வைத்துக்கொண்டு வாழ வேண்டும்.

ஒரு சைலோவின் கொள்ளளவு 240 கட்டு. நிரம்பிய சைலோவைப் பார்க்கும்போது கோயில் நெற்குதிரைப் பார்த்த நிம்மதி வரும். பருவம் 28 நாள். பதினாறு வாய்க்கு 28 நாள் என்றால் 448 கட்டு. உங்கள் கையில் 240. அதாவது பதினைந்தாம் நாளோடு தீர்ந்துவிடும். மிச்சம் 208 கட்டை மார்னியின் கடையில் கட்டு 50 காசு வீதம் வாங்கினால் 10,400 காசு. அதற்குப் பதில் இன்னொரு சைலோ கட்டியிருந்தால் 100 காசும் கொஞ்சம் கல்லும் மண்ணும் செம்பும்தான். இரண்டு சைலோவில் 480 கட்டு. 448 போக 32 மிச்சம். பண்ணையில் எத்தனை சைலோ இருந்தாலும் எல்லாம் ஒரே கணக்கில் சேரும், எந்தக் கொட்டகையிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

பனிக்காலத்தில் கதவை அகலத் திறந்து வைத்தாலும் ஒரு கோழிகூட வெளியே கால் வைக்காது. அதனால் வெளியே நிற்கிற புல்லால் அவற்றுக்கு ஒரு பயனும் இல்லை, சைலோவுக்குள் போன புல் மட்டுமே புல். இலையுதிர் காலத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால் தயவுதாட்சண்யமில்லாமல் வெட்டுங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளச் சொன்னவர்கள் களத்து வேலை தெரிந்தவர்கள்.

இன்னொன்றையும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்டியூவில் ஒவ்வொரு பருவமும் திங்கட்கிழமையில்தான் பிறக்கும். மார்னி வழக்கமாகத் திங்களும் செவ்வாயும் கல்லாவில் நிற்கமாட்டார். பனிக்காலத்தின் முதல் இரண்டு நாளும் கடைக்குப் போய்ப் பயனில்லை. எனவே இலையுதிர் 28, ஞாயிறு மாலை 4 மணிதான் உங்கள் கெடு. வாங்கிய கட்டுகளைப் பெட்டியிலும் வைக்கலாம், சைலோவில் இடமிருந்தால் அதிலேயே போட்டும் வைக்கலாம்.

கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கோதுமை போடுங்கள். விதை 10 காசு, நான்கே நாளில் அறுவடை, நூறு கதிர் அறுத்தால் நாற்பது தடவை கூடவே ஒரு கட்டுப் புல் விழும் என்று எதிர்பார்க்கலாம். கோதுமை விற்று வருகிற காசு சொற்பம், ஆனால் தொழுவத்துக்கு இதைவிட ஒத்தாசையான பயிர் அந்த ஊரில் கிடையாது.

கேள்வி: கணக்குப் பிள்ளை போலப் புல்லை எண்ணச் சொல்கிறீர்கள். காசு இருக்கும்போது வாங்கிப் போட்டால் போகிறது. என்ன நட்டம்? – சென்னை

பதில்: எந்த விலங்குக்கு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண முட்டை 50 காசு, புல் 50 காசு. வாங்கிய புல்லைத் தின்று முட்டையிடுகிற கோழி உங்களுக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறது. வாத்தின் நிலைமை இன்னும் மோசம். இரண்டு நாளைக்கு ஒரு முட்டை, அதன் விலை 95 காசு, தின்ற புல் 100 காசு. அந்த முட்டையை மயோனைஸ் இயந்திரத்தில் போட்டால்தான் கோழிக்கு 190, வாத்துக்கு 375 என்று முகம் மலரும். பசும்பால் 125 காசு, பாலாடைக்கட்டியாக்கினால் 230. மாட்டுக்கு விலை கொடுத்துப் புல் போடலாம், கையைக் கடிக்காது. செம்மறி மூன்று நாள் தின்றுவிட்டு 340 காசுக்குக் கம்பளி தரும்.

பன்றிக்குத் தனிக் கணக்கு. அது மண்ணைக் கிளறி ட்ரஃபிள் என்னும் காளானை எடுத்துத் தருவது வெளியே உலாவும்போதுதான். மழை நாளிலும் பனிக்காலம் முழுவதும் தொழுவத்துக்குள் படுத்துத் தின்னும், வருமானம் சுழி. 28 கட்டுக்கு 1,400 காசு. யானையைக் கட்டித் தீனி போடுவது போலத் தோன்றும். ஆனால் ஒரு ட்ரஃபிள் 625 காசு. வசந்தத்தில் மூன்றைக் கண்டெடுத்தால் பனிக்காலக் கடன் தீர்ந்து மேலும் கையில் நிற்கும். பன்றிமேல் கோபப்படாதீர்கள்.

கேள்வி: புல் விதை நட்ட மறுநாளே மாடுகள் மேய்ந்து மொட்டையாக்கிவிடுகின்றன. – தர்மபுரி

பதில்: நட்ட புல்லின் மேலேயே ஒரு வேலிக் கம்பத்தை ஊன்றுங்கள். அந்தக் கட்டத்தில் மாட்டின் வாய் படாது, புல் அடியிலேயே உயிரோடு இருந்து நான்கு பக்கமும் பரவும். பரவியதை மேய்ந்தாலும் வேர் உங்களிடம் பத்திரம். மேய்ச்சல் நிலத்தில் ஆங்காங்கே இப்படிக் கம்பம் நட்டவர்கள் அடிக்கடி விதை வாங்கப் போவதில்லை. அடைத்து வைத்துக் காய்ந்த புல் போடுவதைவிடப் பச்சைப் புல் மேயவிட்டால் விலங்குக்கு மனமும் நிறையும், உங்கள்மேல் பாசமும் கூடும், பெரிய முட்டையும் பெரிய பாலும் அதைத் தொடர்ந்து வரும். மாலையில் எல்லாம் உள்ளே வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே கதவை மூடுங்கள். வெளியே மாட்டிக்கொண்ட கோழிக்கு இரவில் ஆபத்து உண்டு.

கேள்வி: தீனி போட மறந்தால் செத்துப்போகுமா? பயத்தில் கேட்கிறேன். – எட்டாம் வகுப்பு மாணவி, ஈரோடு

பதில்: சாகாது, பயப்படாதே கண்ணு. பசித்த மாடு பால் தராது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், உன்மேல் இருந்த பிரியம் கொஞ்சம் குறையும். நாலு நாள் நேரத்துக்குத் தீனி போட்டு, தினமும் ஒருமுறை தடவிக் கொடுத்தால் பழையபடி வந்துவிடும். இந்த விளையாட்டுக்கு முன்னோடி 1996-இல் ஜப்பானில் வந்த ஹார்வெஸ்ட் மூன். அதில் பட்டினி போட்ட மாட்டுக்கு நோய் வரும், கவனிக்காமல் விட்டால் இறந்தும் போகும். அந்த விளையாட்டின் மீது கொண்ட ஆசையால் தனி ஒருவராக நான்கு ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து ஸ்டார்டியூ வேலியை உருவாக்கியவர் எரிக் பரோன்; 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். புல்லையும் சைலோவையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டவர், பசியால் வரும் சாவை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் செய்த முடிவுகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

கேள்வி: என் மகன் "மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறேன்" என்கிறான். இங்கே அவன் சோறு ஆறிப்போகிறது. என்ன செய்ய? – ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: பாதியில் அணைத்துவிடாதீர்கள் அம்மா. ஸ்டார்டியூவில் பண்ணைக்காரர் படுத்துத் தூங்கினால்தான் அன்றைய வேலை பதிவாகும், இல்லையேல் பையன் போட்ட தீனி, கறந்த பால் எல்லாம் போய்விடும். அவன் அழுவதில் நியாயம் இருக்கிறது. அங்கே ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். "இந்த நாளை முடித்துவிட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுப்பில் தோசைக்கல்லைப் போடுங்கள். சரியாக இருக்கும்.

கேள்வி: தினமும் தொட்டி தொட்டியாகப் புல் வைத்துக் கை வலிக்கிறது. வழி உண்டா? – கோவை

பதில்: உண்டு. கொட்டகையை டீலக்ஸ் ஆக்குங்கள். கோழிக்கொட்டகைக்கு 20,000 காசு, தொழுவத்துக்கு 25,000 காசு, மரமும் கல்லும் தனி. பிறகு சைலோவில் இருக்கும் வரை தீனி தானாகத் தொட்டிக்கு வரும். சைலோ காலியானாலும் யாரும் வந்து சொல்லமாட்டார்கள். வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

கேள்வி: நான் விளையாடுவது ஃபார்மிங் சிமுலேட்டர் 22. மாட்டுக்குப் புல் போட்டும் பால் ஏறவே இல்லை. பன்றிக்கு என்ன போடுவதென்றே புரியவில்லை. – நாமக்கல்

பதில்: ஸ்விட்சர்லாந்தின் ஜயன்ட்ஸ் நிறுவனம் செய்த இந்த விளையாட்டில் ஒரு கட்டுப் புல் கதையெல்லாம் நடக்காது. பச்சைப் புல் மட்டும் போட்டால் மாட்டின் உற்பத்தி 40 சதவீதத்தில் நிற்கும். காய்ந்த புல்லுக்கு 80. முழுதாக 100 வேண்டுமென்றால் காய்ந்த புல், வைக்கோல், சைலேஜ், தாது உப்பு நான்கையும் கலவை வண்டியில் போட்டு அரைத்து வைக்க வேண்டும். சைலேஜுக்கு மக்காச்சோளத்தையோ புல்லையோ துண்டாக்கிக் குழியில் கொட்டி, டிராக்டரால் மிதித்து இறுக்கி, மூடிப் புளிக்கவிட வேண்டும். பன்றிக்கு மக்காச்சோளம் அல்லது சோளம் பாதி, கோதுமை அல்லது பார்லி 25 பங்கு, சோயா, கனோலா, சூரியகாந்தியில் ஒன்று 20, உருளைக்கிழங்கு அல்லது சர்க்கரைக் கிழங்கு 5. அந்த ஐந்து பங்குக் கிழங்குக்காகத் தனி இயந்திரம் வாங்காதீர்கள். அது இல்லாமலே பன்றி 95 சதவீதம் மகிழ்ச்சியாக இருக்கும். கறவை மாடு வைத்திருக்கிற நாமக்கல்காரர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து விளையாடுங்கள், கலப்புத் தீவனத்தை அவரே விளக்கிவிடுவார். 2024 நவம்பரில் வந்த ஃபார்மிங் சிமுலேட்டர் 25-இல் எருமையும் நெல் வயலும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஸ்டார்டியூவில் எனக்கு இன்று இலையுதிர் 25. கையில் 16,000 காசு, ஒரு சைலோ நிறையப் புல், எட்டு விலங்கு. இரண்டு செம்மறி வாங்கிவிடலாம் என்று கிளம்புகிறேன். சரிதானே? – காரைக்குடி

பதில்: எட்டு விலங்குக்கே 224 கட்டு வேண்டும். உங்களிடம் இருப்பது 240. இரண்டு செம்மறி வந்தால் 280. இன்று வியாழன், ராபின் கடை திறந்திருக்கும். 100 காசை எடுத்துக்கொண்டு முதலில் அங்கே போங்கள். இரண்டு நாளில் சைலோ எழுந்துவிடும், ஞாயிறு முழுக்கப் புல் வெட்டலாம். செம்மறியை வசந்தத்தில் வாங்குங்கள்.