பர்ஸும் காலி, வயிறும் காலி

கேள்வி: கல்யாண நாளுக்கென்று நட்சத்திர உணவகத்துக்குப் போய், அரை வயிற்றோடு திரும்பியவர்கள் உண்டா?

பதில்: இல்லாமலா! அமெரிக்க எழுத்தாளர் ஜெரால்டின் டெருய்ட்டர் பட்டதைக் கேளுங்கள். இத்தாலியின் லெச்சே நகரில் மிஷலின் நட்சத்திரம் பெற்ற ஓர் உணவகம். வந்தவை 27 அயிட்டம்; பலதும் கடைவாய்க்குக்கூடக் காணவில்லை என்று 2021-இல் எழுதித் தீர்த்தார். உச்சகட்டம், தலைமைச் சமையல்காரரின் வாயை அச்செடுத்த வார்ப்புக்குள் சிட்ரஸ் நுரை. கரண்டி கிடையாது, நக்கித்தான் சாப்பிட வேண்டும். (சம்சாரம் கடித்த முறுக்கையே தொடாதவர்கள் நம்மூரில் உண்டு!)

நம் நாட்டில் ஒரு சின்ன ஆறுதல். பில்லில் சேவைக் கட்டணம் தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதற்கு வழிகாட்டுதல் போட்டுவிட்டது. மிச்சமாகும் காசில், திரும்பும் வழியில் ஆளுக்கு ரெண்டு பரோட்டா!