திரும்பாச் சீட்டு: கள்ளக்குறிச்சித் திண்ணையிலிருந்து ஓர் ஆய்வறிக்கை

நாலு மூலையிலும் துளையிட்ட சதுர அட்டைகளில் நூல் கோத்து, அடுக்கை மொத்தமாகக் கால் சுற்று திருப்பி, பாவு திறக்கும் இடைவெளியில் ஊடையை ஓட்டினால் நாடா விளையும். தறி வேண்டாம். பாவின் ஒரு முனை சன்னல் கம்பியில், மறுமுனை நெய்பவர் இடுப்பில். இந்த அட்டை நெசவின் வரலாற்றை அறிஞர்கள் எழுதிவிட்டார்கள். அட்டை ஏன் திரும்ப மறுக்கிறது என்ற தலையாய கேள்வியை மட்டும் இடுப்பில் பாவு கட்டியவரின் முனகலுக்கு விட்டுவிட்டார்கள். 2019இல்தான் தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி என்பதால் எங்கள் பக்கத் தாமதத்தை மன்னிக்கலாம்.

முன்னோர் சான்றுகள் பலமானவை. நார்வேயின் ஓஸ்பெர்க் மேட்டில் 834இல் புதைக்கப்பட்ட கப்பலை 1904இல் தோண்டியபோது, 52 மர அட்டைகள் பாவு கோத்தபடியே பாதி நெய்த நாடாவோடு கிடைத்தன. நெசவு ஏன் பாதியில் நின்றது? மரணம் என்பார்கள். அட்டை திரும்பவில்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு. 52 என்பது சரியாக ஒரு சீட்டுக்கட்டு என்பதையும் நோக்குக. ஜோக்கர் இல்லாததால் அவர்கள் ரம்மி அறியாதவர்கள் என்பதும் பெறப்படும்.

ஆய்வுக் கருவியாகப் பழைய சீட்டுக்கட்டு ஒன்று சதுரமாக வெட்டப்பட்டது. ஐந்தாறு சாண் நாடா வரை எல்லாம் சுகம். பிறகு அடுக்கு முரண்டு பிடித்தது. திண்ணையில் கூடிய அறிஞர் குழு உடனே கருத்து வழங்கியது. கண்ணு பட்டிருக்கு என்றார் எதிர்வீட்டுப் பாட்டி. எண்ணெய் விடச் சொன்னார் சைக்கிள் கடைக்காரர். நூல் நாசமாகும் என்பதால் அது நிராகரிக்கப்பட்டது. வெள்ளிமலைத் தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர்தான் வாயைத் திறந்து உருப்படியாக ஒன்று சொன்னார்: "வண்டி திரும்பலன்னா முன்னாடியே மொறைக்காத தம்பி, பின்னாடி எறங்கிப் பாரு."

பார்த்தேன். ஒரே பக்கமாக நாலு முறை கால் சுற்று திருப்பினால், ஒவ்வோர் அட்டையின் நாலு நூலும் முன்னால் ஒரு முழு முறுக்கு ஏறி நாடாவாகின்றன. அதே அளவு முறுக்கு, எதிர்ப்பக்கமாக, அட்டைக்குப் பின்னாலும் ஏறுகிறது. முன்னால் நடப்பது நெசவு. பின்னால் சேர்வது கடன். அது கயிறாக இறுகி அட்டையின் முதுகை அழுத்தும்வரை யாரும் கண்டுகொள்வதில்லை. தீர்வு மூன்று. அதே எண்ணிக்கை பின்னோக்கித் திருப்பி நெய்யலாம். கோலமும் தலைகீழாகும், அதை அழகு என்று சாதிக்க வேண்டும். அல்லது சன்னல் முடிச்சை அவிழ்த்து முறுக்கைக் கோதிவிட்டு மறுபடி கட்டலாம். அல்லது தூண்டில் கடையில் விற்கும் சுழல் வளையத்தை அட்டைக்கு ஒன்றாகப் பின்முனையில் மாட்டலாம்; கோமுகி அணைப் பக்கம் போகும்போது வாங்குவது உத்தமம்.

பிற காரணங்கள் சில்லறை. பிசிறுள்ள நூல் பக்கத்து நூலோடு உறவு கொண்டாடும். நெசவாளர் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவது இதற்குத்தான். தளர்ந்த நூல் பக்கத்து அட்டையின் மூலையில் கொக்கி போடும், ஆகவே மூலையை மழுக்குக. விறைத்த பாவு துளையை அறுக்கும். கல்வராயன் மலைக்கு மழைக்காலத்தில் காகித அட்டையைக் கொண்டுபோகவே வேண்டாம், ஈரத்தில் ஊறி வீங்கும். எதுவும் எடுபடாவிட்டால் அடுக்கைப் பாவின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தி, பாதி பாதியாகத் திருப்புக. பல்லைக் கடித்து ஒரேயடியாகத் திருகுவோர் நூலறுந்து வருந்துவர்.

நிரந்தரத் தீர்வு மர அட்டை. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்க, கைத்தொழில் ஆளுக்கா பஞ்சம்? சிற்பி ஒருவரிடம் நாலு துளையிட்ட சதுரப் பலகை, விரற்கடை அளவில், 52 வேண்டும் என்றேன். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல சாமி எங்கங்க வருது?"

சாமி இல்லை, துளை மட்டும் வழவழப்பாக வேண்டும் என்றதும் முன்பணம் கேட்டார்.